ஆம்புலன்சு மகிழுந்து

ஆம்புலன்சு மகிழுந்து என்பது, பெரிய மகிழுந்து ஒன்றின் அடிச்சட்டத்தின் மீது நீண்ட கூண்டு கட்டி, நோயாளிகளையும் விபத்தில் காயமுற்றோரையும் படுத்த நிலையில் ஏற்றிச் செல்ல உருவாக்கப்பட்ட ஊர்தி வகையாகும். ஐக்கிய அமெரிக்காவில் 1920கள் முதல் 1970கள் வரை இவ்வகை ஊர்திகளே பெருமளவில் ஆம்புலன்சுகளாக ஓடின. கேடிலாக், பேக்கார்டு, பியூக், ஓல்ட்சுமொபைல், பொன்டியாக் முதலிய மகிழுந்துகளின் முகப்பையும் மென்மையான ஓட்டத்தையும் கொண்டிருந்த இவை, இன்று பழைய ஊர்திகளைச் சேகரிப்போரால் பெரிதும் போற்றப்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவற்றைக் கட்டியவர்கள் அமரர் ஊர்திகளைக் கட்டிய அதே நிறுவனத்தார் என்பதும், பலவற்றை ஈமச்சடங்கு நிறுவனங்களே இயக்கின என்பதும் பலரும் அறியாதவை. இவ்வூர்திகளின் அழகுக்கும் குறைக்கும் அதுவே காரணமாக அமைந்தது.

தோற்றம்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய எட்வர்டு டால்ட்டன், 1869 ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் பெல்வியூ மருத்துவமனையில் குதிரை பூட்டிய ஆம்புலன்சு சேவையைத் தொடங்கினார். 1899 இல் சிகாகோவின் மைக்கேல் ரீசு மருத்துவமனை மின்கலத்தால் இயங்கும் ஆம்புலன்சு ஒன்றைப் பெற்றது. இதுவே மோட்டார் ஆம்புலன்சுகளுள் முதலாவதாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. பெட்ரோல் ஊர்திகள் பரவியதும் குதிரை வண்டிகள் விரைவில் மறைந்தன.

பெருநகரங்களில் மருத்துவமனைகளும், சில இடங்களில் காவல் துறையும் தீயணைப்புத் துறையும் ஆம்புலன்சுகளை இயக்கின. சிற்றூர்களில் அத்தகைய ஏற்பாடு பெரும்பாலும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது மருத்துவர்களும் பணியாளர்களும் படைக்குச் சென்றதால், நகர மருத்துவமனைகள் பலவும் இப்பணியைக் கைவிட்டன. அவ்விடத்தை நிரப்பியோருள் முதன்மையானவர்கள் ஈமச்சடங்கு நிறுவனத்தார்.

ஈமச்சடங்கு நிறுவனங்களின் பங்கு

அமெரிக்காவில் இறந்தவரின் உடலைப் பதப்படுத்துதல், பார்வைக்கு வைத்தல், கல்லறைக்குக் கொண்டு செல்லுதல் ஆகியவற்றை உரிமம் பெற்ற தனியார் நிறுவனங்கள் செய்கின்றன. சிற்றூர் ஒன்றில் மனிதரைப் படுக்கவைத்து எடுத்துச் செல்லக்கூடிய மூடிய ஊர்தி பெரும்பாலும் இவர்களிடம் மட்டுமே இருந்தது. இரவு பகல் எந்நேரமும் தொலைபேசியை எடுக்கவும் இவர்களிடம் ஆள் இருந்தது. எனவே வயலில் கை வெட்டுண்டவருக்கும், வலி கண்ட கர்ப்பிணிக்கும், நெடுஞ்சாலை விபத்தில் சிக்கியவருக்கும் வந்து நின்றது ஈமச்சடங்கு நிறுவனத்தின் வண்டியாகவே இருந்தது.

இதில் வருமானம் குறைவு. பல இடங்களில் இது நட்டத்திலேயே நடந்தது. ஆயினும் இன்று ஆம்புலன்சுக்கு அழைத்த குடும்பம் நாளை இறுதிச்சடங்குக்கும் தம்மையே அழைக்கும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. ஒரே ஊரில் இரு நிறுவனங்கள் இருந்தால், விபத்து நடந்த இடத்துக்கு இரண்டும் போட்டியிட்டு விரைவதும் உண்டு. நோயாளி பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் இவர்களுக்கு வேலை உண்டு என்ற கசப்பான கேலி அக்காலத்தில் வழங்கியதில் வியப்பில்லை. எனினும் அரசு செய்யாத பணியை அரை நூற்றாண்டுக்கு மேல் சுமந்தவர்கள் இவர்களே என்பதையும் மறுக்க இயலாது.

ஒரே நிறுவனம் இருபணியும் செய்த நிலைக்கு டாலசு நகரில் 1963 நவம்பரில் நடந்தவை நல்ல சான்று. அந்நகரில் ஆம்புலன்சு சேவையை நடத்தியது ஓ'நீல் ஈமச்சடங்கு நிறுவனம். நவம்பர் 22 அன்று குடியரசுத் தலைவர் சான் எஃப். கென்னடியின் ஊர்வலம் டீலி சதுக்கத்துக்கு வருவதற்குச் சில நிமிடங்களுக்கு முன், அங்கு வலிப்பு வந்து விழுந்த ஒருவரை இந்நிறுவனத்தின் ஆம்புலன்சு பார்க்லண்டு மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றது. சுடப்பட்ட கென்னடி தம் சொந்த ஊர்தியிலேயே அதே மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். அவர் இறந்தபின் சவப்பெட்டியைக் கொண்டுவந்ததும், உடலை விமான நிலையத்துக்குக் கொண்டு சென்றதும் அதே நிறுவனத்தின் கேடிலாக் அமரர் ஊர்தியே. இரு நாட்களுக்குப் பின் சுடப்பட்ட லீ ஆர்வி ஆசுவால்டைப் பார்க்லண்டுக்குக் கொண்டு சென்றதும் ஓ'நீல் நிறுவனத்தின் ஆம்புலன்சே ஆகும்.

கூண்டு கட்டுநர்கள்

மகிழுந்து நிறுவனங்கள் ஆம்புலன்சுகளை முழுமையாகச் செய்து விற்கவில்லை. கரூரில் பேருந்துகளுக்குக் கூண்டு கட்டுவது போலவே, இங்கும் அடிச்சட்டம் ஓரிடத்திலும் கூண்டு வேறிடத்திலும் செய்யப்பட்டன. கேடிலாக் நிறுவனம் இதற்கெனவே வணிக அடிச்சட்டம் என்ற ஒன்றைத் தயாரித்தது. பொறி, பல்லிணைப்பெட்டி, வலுவூட்டிய சட்டம், முன்புறத் தகடுகள், முகப்புக் கருவிப் பலகை ஆகியவை மட்டும் இதில் இருக்கும். ஓட்டுநருக்குப் பின்னால் எதுவும் இராது. 1959, 1960 ஆகிய ஆண்டுகளில் இவ்வகை அடிச்சட்டங்கள் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்குச் சற்று மேல் மட்டுமே செய்யப்பட்டன. அவற்றிலும் ஒரு பகுதியே ஆம்புலன்சுகளாயின.

கூண்டு கட்டும் தொழில் ஒகையோ மாநிலத்தில் செறிந்திருந்தது. லைமா நகரின் சுப்பீரியர், சின்சினாட்டியின் எசு அண்டு எசு, பிக்குவாவின் மீட்டியோர், பெல்ஃபவுன்டனின் மில்லர் ஆகியவை அங்கு இயங்கின. இவற்றுள் பின்னிரண்டும் 1956 இல் ஒன்றாக்கப்பட்டு மில்லர்-மீட்டியோர் ஆயின. லூடன்வில்லின் ஃபிளெக்சிபில் நிறுவனம் பியூக் அடிச்சட்டங்களில் கட்டியது. ஆர்க்கன்சா மாநிலத்தின் காட்னர்-பெவிங்டன் ஓல்ட்சுமொபைல் அடிச்சட்டங்களைப் பயன்படுத்தியது. இலினொய் மாநிலம் ஃபிரீபோர்ட்டில் இருந்த ஹென்னி நிறுவனம் 1937 முதல் 1954 வரை பேக்கார்டு அடிச்சட்டங்களில் கட்டிய ஊர்திகள் வடிவ நேர்த்திக்குப் பெயர்பெற்றவை. 1951க்குப் பிந்தைய ஹென்னி ஊர்திகளை வடிவமைத்தவர் ரிச்சர்டு ஆர்பிப். விலை குறைந்த சிறிய ஆம்புலன்சாக 1953 இல் கொண்டுவரப்பட்ட ஹென்னி சூனியர் நிறுவனத்துக்கு நட்டத்தையே தந்தது. அத்துடன் அதன் கதையும் முடிந்தது.

அமைப்பு

1959 ஆம் ஆண்டின் கேடிலாக் ஊர்தியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வழக்கமான கேடிலாக் மகிழுந்தில் முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தொலைவு 130 அங்குலம். வணிக அடிச்சட்டத்தில் இது 156 அங்குலம். கூண்டு கட்டியபின் மொத்த நீளம் 20 அடியைத் தாண்டும். 390 கன அங்குலக் (ஏறத்தாழ 6.4 லிட்டர்) கொள்ளளவும் எட்டு உருளைகளும் கொண்ட பொறி 325 குதிரைத்திறன் தந்தது. அவ்வாண்டின் கேடிலாக்குகளுக்கே உரிய உயர்ந்த வால் துடுப்புகளும் இரட்டைத் தோட்டா வடிவ விளக்குகளும் ஆம்புலன்சிலும் அப்படியே இருந்தன. நோயாளியை ஏற்றும் ஊர்திக்கு வால் துடுப்பு எதற்கு என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இவ்வளவு விலையுயர்ந்த ஊர்தியைத் தேர்ந்ததற்குப் பொறியியல் காரணமும் உண்டு. நீண்ட அச்சிடைத் தொலைவும், பெரும் எடையும், மென்மையான சுருள்வில்களும் சேர்ந்து குண்டும் குழியுமான சாலையிலும் அதிர்வைக் குறைத்தன. எலும்பு முறிந்தவருக்கு இது சிறு நன்மையன்று. பின்னாளில் வந்த பெட்டி வடிவ ஆம்புலன்சுகள் சரக்குந்து அடிச்சட்டத்தில் அமைந்தவை. ஓட்டத்தின் மென்மையில் அவை கேடிலாக்கை நெருங்கவில்லை என்று இரண்டையும் ஓட்டியவர்கள் கூறுவர்.

கூரையில் சுழல்விளக்கும், முன்புறத்தில் சைரனும் பொருத்தப்பட்டன. அக்காலச் சைரன் மின்னணுக் கருவியன்று. மின்னோடி ஒன்று துளையிட்ட சக்கரத்தைச் சுழற்ற, காற்று வெட்டுப்பட்டு ஒலி எழும்பும். மெல்லத் தொடங்கி ஏறி, விசையை விட்டபின்னும் நெடுநேரம் இறங்கிக்கொண்டே வரும் அவ்வொலியைக் கேட்டவர் மறப்பதில்லை. பெடரல் நிறுவனத்தின் 'கியூ' வகைச் சைரன் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 100 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதாவது 1,200 வாட். மகிழுந்தின் மின்கலத்துக்கு இது பெருஞ்சுமை. தீயணைப்பு வண்டிகளில் இவ்வகைச் சைரன் இன்றும் பயன்படுகிறது.

உள்ளே சக்கரக் கட்டில் ஒன்றும், உதவியாளருக்கு மடக்கு இருக்கையும், ஆக்சிசன் உருளையும், கட்டுத்துணி வைக்கும் சிறு பேழையும் இருக்கும். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் பனிக்கண்ணாடிகளாகவோ திரையிட்டோ இருந்தன.

இருபயன் ஊர்தி

இரு ஊர்திகள் வாங்க இயலாத சிறு நிறுவனங்களுக்காக, ஒரே வண்டியை ஆம்புலன்சாகவும் அமரர் ஊர்தியாகவும் மாற்றும் வகை ஒன்று இருந்தது. சவப்பெட்டியை உருட்டி ஏற்றுவதற்கான உருளைகள் தரையில் பதிக்கப்பட்டிருக்கும். அவற்றைத் தலைகீழாகத் திருப்பினால் தரை சமமாகிவிடும். அதன்மேல் கட்டிலை நிறுத்தலாம். சுழல்விளக்கைக் கழற்றி வைக்கலாம். மடக்கு இருக்கைகள் தரைக்குள் மறையும். சன்னல்களில் அலங்காரப் பலகைகளைச் செருகினால் ஊர்தி துக்கக் கோலம் பூணும். காலையில் கல்லறைக்குச் சென்ற வண்டி மாலையில் மகப்பேற்றுக்குச் செல்வது இவ்வாறு இயல்பானதாயிற்று. இம்மாற்றங்களைச் சில நிமிடங்களில் செய்யக்கூடியவாறு அமைத்த கட்டுநர்களின் திறமை பாராட்டத்தக்கது.

குறைகளும் 1966 அறிக்கையும்

சவப்பெட்டியின் உயரத்துக்கு ஏற்ப வளர்ந்த கூண்டு உயிருள்ள நோயாளிக்குப் போதவில்லை. தாழ்ந்த கூரையின் கீழ் உதவியாளர் குனிந்து அமர மட்டுமே முடிந்தது. நோயாளியை மருத்துவமனை வரை கொண்டு சேர்ப்பதே ஆம்புலன்சின் வேலை என்றிருந்த காலத்தில் இது குறையாகத் தோன்றவில்லை. 1960 ஆம் ஆண்டு சான்சு ஆப்கின்சு பல்கலைக்கழகத்தின் கோவன்ஓவன், சூடு, நிக்கர்பாக்கர் ஆகியோர் மார்புக் கூட்டை வெளியிலிருந்து அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தொடரச் செய்யும் முறையை வெளியிட்டனர். இதைச் செய்வதற்கு நோயாளியின் மேல் நிமிர்ந்து, கைகளை நேராக ஊன்றி, உடல் எடையால் அழுத்த வேண்டும். கேடிலாக்கின் கூரை அதற்கு இடம் தரவில்லை. 1966 இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாசுட்டு நகரில் பிராங்கு பான்ட்ரிட்சு, இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவியை ஆம்புலன்சிலேயே ஏற்றினார். மகிழுந்து மின்கலங்களால் இயங்கிய அக்கருவியின் எடை ஏறத்தாழ 70 கிலோகிராம். சிகிச்சை நோயாளியை நோக்கி நகரத் தொடங்கிய காலம் அது.

அதே 1966 இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகமும் தேசிய ஆராய்ச்சி மன்றமும், விபத்துச் சாவு, ஊனம் பற்றிய அறிக்கையை வெளியிட்டன. விபத்துகளை நவீன சமூகம் புறக்கணித்த நோய் என்று அதன் தலைப்பே குறித்தது. 1965 ஆம் ஆண்டில் மட்டும் விபத்துகளால் 1,07,000 பேர் இறந்தனர் என்றும், ஒரு கோடிக்கு மேற்பட்டோர் தற்காலிகமாகவும் 4,00,000 பேர் நிலையாகவும் செயலிழந்தனர் என்றும் அவ்வறிக்கை கூறியது. நாட்டின் ஆம்புலன்சு சேவைகளில் ஏறத்தாழ பாதியை 12,000 ஈமச்சடங்கு நிறுவனத்தார் நடத்தினர் என்றும், படுத்த நிலையில் ஏற்றக்கூடிய ஊர்தி அவர்களிடம் இருந்ததே அதற்கு முதன்மைக் காரணம் என்றும் அதில் கண்டிருந்தது. கடுங்காயமுற்றவர் நகரத் தெருவில் இருப்பதைவிடப் போர்க்களத்தில் இருந்தால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி என்னும் கருத்தும் அதில் இடம்பெற்றது. ஊர்தியில் வருபவருக்கு முதலுதவிப் பயிற்சி இருந்தாக வேண்டும் என்ற சட்டம் பல இடங்களில் இல்லை. வாகனம் ஓட்டத் தெரிந்தால் போதுமானதாயிருந்தது.

பிட்சுபர்க்கின் ஃபிரீடம் அவுசு

பிட்சுபர்க் நகரில் காவல் துறையின் வண்டிகளே நோயாளிகளை ஏற்றிச் சென்றன. 1966 நவம்பரில் பென்சில்வேனியாவின் முன்னாள் ஆளுநர் டேவிட் லாரன்சு கூட்டமொன்றில் மயங்கி விழுந்தபோது அவரும் அவ்வாறே கொண்டு செல்லப்பட்டார். அம்மாதமே அவர் இறந்தார். மீளுயிர்ப்பு முறைகளின் முன்னோடியும் அந்நகர மருத்துவருமான பீட்டர் சேஃபர் அதே ஆண்டு தம் மகளை ஈளை நோய்க்குப் பறிகொடுத்திருந்தார். 1967 இல் அவரது வழிகாட்டலில், கறுப்பினத்தவர் மிகுதியாக வாழ்ந்த ஹில் பகுதியில் ஃபிரீடம் அவுசு ஆம்புலன்சு சேவை உருவாக்கப்பட்டது. வேலையற்றிருந்த கறுப்பின இளைஞர்களுக்கு ஏறத்தாழ 300 மணி நேரப் பயிற்சி அளிக்கப்பட்டது. நாட்டின் பெரும்பாலான ஆம்புலன்சு ஊழியர்கள் பெற்றிராத பயிற்சி இது. மருத்துவமனையில் அல்லாமல் ஊர்தியிலேயே சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது சேஃபரின் கொள்கை. 1974 இல் மருத்துவ இயக்குநராகப் பொறுப்பேற்ற நான்சி கரோலைன் இங்கு பெற்ற பட்டறிவே, பின்னர் அவர் எழுதிய பாராமெடிக் பாடநூலுக்கு அடிப்படையாயிற்று. 1975 இல் நகராட்சி தனது சொந்தச் சேவையைத் தொடங்கி ஃபிரீடம் அவுசை முடிவுக்குக் கொண்டுவந்தது. அதன் ஊழியர்களுள் பலர் புதிய சேவையில் நிலைக்கவில்லை. பளபளக்கும் கேடிலாக்குகள் நினைவுகூரப்படும் அளவுக்கு இவர்கள் நெடுங்காலம் நினைவுகூரப்படவில்லை என்பது வருந்தத்தக்கது.

மறைவு

1966 ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம் ஆம்புலன்சு சேவைகளுக்கான தரங்களை வகுக்க வழிசெய்தது. பயிற்சி பெற்ற பணியாளர், கூடுதல் கருவிகள், உயர்ந்த கூலி ஆகியவற்றின் செலவைத் தாங்க இயலாமல் ஈமச்சடங்கு நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகின. கூண்டு கட்டுநர்கள் கூரையை உயர்த்திப் பார்த்தனர். சுப்பீரியர் நிறுவனம் உள்ளே 54 அங்குல உயரம் கொண்ட ஊர்திகளைச் செய்தது. ஆயினும் மகிழுந்தின் அகலத்தை அதிகரிக்க வழியில்லை.

1974 இல் கூட்டரசின் பொதுச் சேவைகள் நிர்வாகம் கேகேகே-ஏ-1822 என்னும் தர வரையறையை வெளியிட்டது. சரக்குந்து அடிச்சட்டத்தில் பெட்டி, வேன், வேன் முகப்புடன் பெட்டி என மூன்று வகைகளை மட்டுமே அது ஏற்றது. மகிழுந்துக்கு அதில் இடமில்லை. கூட்டரசின் நிதியில் ஆம்புலன்சு வாங்கும் ஊர்கள் இவ்வரையறையைப் பின்பற்றியதால் சந்தை சுருங்கியது. 1977 இல் கேடிலாக் தன் ஊர்திகளை அளவில் குறைத்தது எஞ்சிய வாய்ப்பையும் போக்கியது. மில்லர்-மீட்டியோரின் பிக்குவா ஆலை 1979 இல் மூடப்பட்டது.

பேணுதல்

ஓய்வுபெற்ற ஆம்புலன்சுகளுள் பல, மகிழுந்துகளை ஒன்றோடொன்று மோதவிட்டு நொறுக்கும் பந்தயங்களில் அழிந்தன. கனத்த சட்டமும் வலுவான பொறியும் அவற்றை அப்பந்தயங்களுக்கு உகந்தவையாக்கின. எஞ்சியவற்றைக் காக்கும் நோக்குடன் 1976 இல் புரொபெசனல் கார் சொசைட்டி என்னும் சங்கம் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. ஆம்புலன்சு, அமரர் ஊர்தி, இருபயன் ஊர்தி ஆகியவற்றின் உரிமையாளர்கள் இதில் உறுப்பினராக உள்ளனர். சங்கம் இதழ் நடத்துவதுடன் ஆண்டுதோறும் ஊர்திக் கண்காட்சியும் நடத்துகிறது.

இவற்றைச் சீரமைப்பது எளிதன்று. பொறியும் முன்புறத் தகடுகளும் வழக்கமான கேடிலாக்கிலிருந்து கிடைக்கும். நீண்ட கூரை, பின்கதவு, வளைந்த பக்கக் கண்ணாடி ஆகியவை சிறு எண்ணிக்கையில் செய்யப்பட்டவை. ஒன்று உடைந்தால் இன்னொரு ஊர்தியைப் பிரித்தாக வேண்டும். கூரைக்குள் நீர் கசிந்து துரு ஏறுவது பொதுவான சிக்கல். உரிய உள்கருவிகளைத் தேடிச் சேர்ப்பதும் சேகரிப்போரின் முயற்சிகளுள் ஒன்றாகும். தனியார் ஊர்தி சாலையில் செல்லும்போது அவசர விளக்குகளைப் பயன்படுத்த மாநிலச் சட்டங்கள் தடைவிதிப்பதால், பலர் அவற்றை உறையிட்டு ஓட்டுகின்றனர்.

1984 இல் வெளிவந்த கோசுட்டுபசுட்டர்சு திரைப்படம் இவ்வூர்திகளை உலகறியச் செய்தது. பேய் பிடிக்கும் குழுவினர் 4,800 டாலருக்கு வாங்கும் பழைய வண்டி 1959 ஆம் ஆண்டு மில்லர்-மீட்டியோர் கேடிலாக் ஆகும். அதன்பின் எஞ்சியிருந்த அவ்வாண்டு ஊர்திகள் சிலவற்றை அப்படத்தில் வரும் எக்டோ-1 போல மாற்றும் வழக்கம் தோன்றியது. இது ஊர்தியைக் குப்பையிலிருந்து காக்கிறது என்பர் சிலர். அசல் வண்ணத்தையும் பொருத்திகளையும் இழக்கச் செய்கிறது என்பர் சேகரிப்போர்.

அசல் எது என்ற கேள்வி பெரும் பணத்தையும் தொடும். கென்னடியின் உடலை ஆண்ட்ரூசு விமானத் தளத்திலிருந்து பெதெசுடா கடற்படை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றது கடற்படைக்குச் சொந்தமான பொன்டியாக் ஆம்புலன்சு. அவ்வூர்தி என்று கூறப்பட்ட ஒன்று 2011 சனவரியில் அரிசோனாவில் பாரெட்-சாக்சன் நிறுவனம் நடத்திய ஏலத்தில் 1,20,000 டாலருக்கு விலைபோனது. உண்மையான ஊர்தி 1986 இலேயே நசுக்கி அழிக்கப்பட்டதைக் காட்டும் ஆவணங்களும் படங்களும் கென்னடி நூலகத்தில் உள்ளன.